நினைவூட்டல் போன இடம் பழைய எண்

இணையத்தில் கார் காப்பீட்டைப் புதுப்பித்துத் தரும் ஒரு சேவையை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தர முடிகிறது. விலை ஒப்பிடுவது, பணம் கட்டுவது எல்லாம் சுலபம். அதில் குறை சொல்ல மாட்டேன்.

நினைவூட்டலில்தான் கோட்டை விட்டார்கள். என் புது எண்ணைக் கணக்கில் பதிந்திருந்தேன். பாலிசி பக்கத்தில் தனியாக மாற்ற வேண்டுமாம், அதை யாரும் சொல்லவில்லை. மூன்று நினைவூட்டலும் பழைய எண்ணுக்குப் போய்விட்டன. பாலிசி முடிந்தது தெரியாமல் நான்கு நாள் மகளைப் பள்ளியில் விட்டு, வேலைக்கும் போய் வந்தேன். ஐந்தாம் நாள் சோதனையில் நிறுத்தினார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "தெரியுமா தெரியாதா என்பது கணக்கில்லை, ஓட்டினீர்களே" என்றார் அதிகாரி. அங்கேயே போனில் புதுப்பித்தேன். பாலிசி தொடங்கும் நேரம் அதில் அச்சாகியிருந்தது: என்னை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து. முன்தேதி போட்டுத் தர மாட்டார்கள். அபராதம் கட்டிவிட்டு வந்தேன்.

அபராதம்கூடப் பரவாயில்லை. அந்த நான்கு நாளில் ஒருவரை இடித்திருந்தால் அவருடைய மருத்துவச் செலவு, சம்பள இழப்பு எல்லாம் என் தலையில்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து படித்தேன். பிரிட்டனில் காப்பீடில்லாத வண்டியால் அடிபட்டவருக்கு மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்ற காப்பீட்டு நிறுவனங்களின் பொது அமைப்பு இழப்பீடு கொடுக்கும், அப்புறம் அந்தப் பணத்தை ஓட்டியவரிடம் கேட்டு வரும். நிறுத்திப் பிடித்தாலே உரிமத்தில் குறைந்தது 6 தண்டனைப் புள்ளி ஏறும். உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர் என்றால் அந்த 6 புள்ளியிலேயே உரிமம் ரத்து. 2011 முதல், சாலையில் ஓட்டுவதில்லை என்று அறிவிக்காத கார் வீட்டில் சும்மா நின்றாலும் அங்கே காப்பீடு வேண்டும்.

இவ்வளவு பெரிய விஷயம் ஒரு குறுஞ்செய்தியை நம்பி இருக்கிறது. புகார் கொடுத்தேன். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், என் எண்ணை இரண்டு இடத்திலும் திருத்தினார். மற்றவர்களுக்கும் இப்படி ஆகுமே என்றதற்குப் பதில் இல்லை. நீங்களும் இதுபோன்ற சேவையில் இருந்தால் பாலிசி பக்கத்தைத் திறந்து, அங்கே எந்த எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். முடியும் தேதியை நான் இப்போது சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.