டெல் ஆர்710-இல் லினக்ஸ்: டெபியனா, அல்மாவா?

2009-இல் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 இன்றும் பழைய சர்வர் விற்பவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறது. லினக்ஸ் ஏற்றும்போது பூட் ஆகவில்லை என்றதும் பலரும் பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகளைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கையிலிருக்கும் டிஸ்ட்ரோவை, அதாவது டெபியன், அல்மா போன்ற லினக்ஸ் வெளியீட்டைத்தான்.

ரெட் ஹேட் லினக்ஸும் அதை அடியொற்றி வரும் அல்மா போன்றவையும் சேர்ந்த குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 8-ஆம் பதிப்பிலேயே, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கையாளும் பழைய ரெய்ட் கார்டுகள் பலவற்றுக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஆர்710-இல் பரவலாக இருக்கும் பெர்க் 6/ஐ அதில் ஒன்று. அதை இயக்கும் மெகாரெய்ட் டிரைவர் கர்னலில் (லினக்ஸின் மையக் கருவில்) இருக்கிறது; ஆனால் இந்தக் கார்டின் அடையாள எண்ணை அதன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால், கண்ட்ரோல்-ஆர் அழுத்திக் கார்டின் திரைக்குள் போனால் வர்ச்சுவல் டிஸ்க் (கார்டு சேர்த்துக் கட்டிய டிஸ்க்) 'ஆப்டிமல்', அதாவது நலம், என்று காட்டும். இன்ஸ்டாலரிலோ ஒரு டிஸ்க்கூடத் தெரியாது. கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. பாவம்.

இந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து டிரைவர் தரும் ஈஎல்ரெப்போவின் டிரைவர் டிஸ்க்கை இன்ஸ்டாலருக்குக் கொடுத்து நிறுவலாம். வேலை செய்யும். ஆனால் அடுத்த துணைப்பதிப்புக்குக் கர்னல் மாறும்போது அந்த டிரைவரும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அல்மாலினக்ஸ் 9.4 முதல், ரெட் ஹேட் ஒதுக்கிய பழைய கார்டுகள் பலவற்றுக்கு ஆதரவைத் திரும்பச் சேர்த்திருக்கிறது. ஆகவே இந்தக் குடும்பத்தில்தான் இருந்தாக வேண்டும் என்பவர்களுக்கு அல்மாதான் வழி.

10-ஆம் பதிப்பில் சிக்கல் பிராசஸருக்கு நகர்கிறது. ரெட் ஹேட் 10 எக்ஸ்86-64-வி3 என்ற பிராசஸர் தரநிலையைக் கேட்கிறது. அது இன்டெலில் 2013-இன் ஹாஸ்வெல் பிராசஸர்களோடு வந்தது. ஆர்710-இன் ஜியான் 5500, 5600 வரிசைகள் அதற்கு முந்தைய வி2 நிலையைத் தாண்டாதவை. கர்னல் ஏறும், அடுத்த நொடியே பேனிக், அப்படியே நின்றுவிடும். அல்மா இதற்கும் தனியாக வி2 பதிப்பு தருகிறது; ஆனால் வெளியார் தரும் வி3 தொகுப்புகள் அதில் ஓடா.

டெபியனில் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. பிராட்காம் நெட்வொர்க் சில்லுக்கு ஃபர்ம்வேர் தேடி அலைவதும் 12-ஆம் பதிப்போடு முடிந்தது, இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. திரை கறுத்துப்போனால், பூட் வரியில் நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கச் சொல்லும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள்.

பூட் செய்யப் பழைய பயாஸ் முறையா, அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையா என்றால், இந்த வயது மெஷினில் நான் பயாஸ் பக்கம். ஆறு 2 டிபி டிஸ்க்குகளை ரெய்ட் 5-இல் போட்டால், ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, 10 டிபி. டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர் 2 டிபியோடு நின்றுவிடும், புதிய முறையான ஜிபிடி கட்டாயம். ஜிபிடி என்றால் யூஇஎஃப்ஐ வேண்டும் என்பது தவறான எண்ணம். 1 எம்பி அளவில் 'பயாஸ் பூட்' பகுதி ஒன்றை ஒதுக்கினால் லினக்ஸைக் கிளப்பும் கிரப் அதில் உட்கார்ந்துகொள்ளும். கர்னல் இருக்கும் பூட் பகுதியையும் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே வையுங்கள். பழைய பயாஸுக்கு 2 டிபிக்கு அப்பால் எட்டாமல் போகலாம். யூஎஸ்பி எந்த முறையில் கிளம்பியது என்பதையும் பாருங்கள்: இன்ஸ்டாலரின் ஷெல்லில் சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ இருந்தால் யூஇஎஃப்ஐ முறை.

எனவே பெர்க் 6/ஐ இருந்தால் டெபியன், பயாஸ், ஜிபிடி. 2 டிபிக்கு மேற்பட்ட தனி டிஸ்க்கை இந்தக் கார்டு ஏற்காது; அது வேண்டுமென்றால் எந்த டிஸ்ட்ரோவும் உதவாது. டெலின் அடுத்த தலைமுறை ரெய்ட் கார்டான எச்700-க்கு மாற வேண்டும், அதற்குக் கேபிளும் வேறு.