விடுதி வைஃபை: கருவிக்கு வரம்பா, ஆளுக்கு வரம்பா?

கோவை பீளமேட்டில் நாங்கள் நடத்தும் பெண்கள் விடுதியில் 26 பேர் தங்கியிருக்கிறார்கள். இணைய இணைப்பு ஒன்றுதான், 100 எம்பிபிஎஸ். இரவில் ஒருவர் பெரிய கோப்பை இறக்கத் தொடங்கினால், அடுத்த அறையில் வீடியோவில் நேர்காணலுக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் படம் அப்படியே நின்றுவிடும். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. இரண்டு வழிகளை நடத்திப் பார்த்துவிட்டு இப்போது மைக்ரோடிக் ரௌட்டரை வைத்திருக்கிறேன்.

முதலில் இருந்தது ஓப்பன்டபிள்யூஆர்டி, ரௌட்டரில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருள். இலவசம். 2018-இல் லினக்ஸில் சேர்ந்த 'கேக்' என்ற வரிசைமுறை அதில் உண்டு. இணைப்பு வேகத்தில் 90 முதல் 95 சதவீதத்தை அதில் குறித்துவிட்டால், நெரிசலில் எல்லாருக்கும் பங்கிடும். கூட்டமில்லாதபோது கேட்பவருக்கு முழுவதையும் கொடுத்துவிடும். வீடியோ அழைப்பைத் திணறாமல் ஓடவிடுவதில் அதற்கு ஈடாக வேறெதையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் அது பங்கிடுவது கருவிக்கு. மூன்று கருவி வைத்திருப்பவருக்கு மூன்று பங்கு போய்விடுகிறது. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கும் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவியும் நெட்வொர்க்கில் காட்டும் அடையாள எண்ணை, வைத்துத்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அமைப்பில் ஒரு தட்டுத் தட்டினால் முகவரி மாறிவிடும். 26 பேர் இருக்கும் விடுதியின் பட்டியலில் 90 வரிகள் நின்றன. மாதக் கடைசியில் எந்த வரி யாருடையது என்று அறை அறையாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இந்தப் பராமரிப்புதான் என்னை மாற வைத்தது.

மைக்ரோடிக்கின் ஹாட்ஸ்பாட் முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். போன் எந்த முகவரியைக் காட்டினாலும் கணக்கு அந்தப் பெயரில் ஏறுகிறது. வேக வரம்பை 5எம்/10எம் என்று எழுதுகிறோம், எம் என்பது எம்பிபிஎஸ். முதல் எண் ரௌட்டர் வாங்குவது, அதாவது பயனர் ஏற்றும் வேகம். இரண்டாவதுதான் இறக்கும் வேகம். ஒரு பெயரில் இரண்டு கருவிகளை அனுமதித்திருக்கிறேன், மூன்றாவதை ஏற்காது. வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக விழுவதால், ஆளுக்கு 20 என்று நினைத்தால் 10 என்றே எழுத வேண்டும். ஆரம்ப அமைப்பில் 'ஃபாஸ்ட்ட்ராக்' என்ற ஃபயர்வால் விதி இருக்கும், அது தரவை வேக வரம்பைத் தாண்டிக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். அதை நிறுத்தாதவரை வரம்பு வேலை செய்யாது. எனக்கு ஒரு மாலை முழுவதும் அதில் போயிற்று.

மதியம் விடுதி காலியாக இருக்கும்போதும் 10 என்பது 10 தான். அது எனக்கு உறுத்துகிறது. மைக்ரோடிக்கின் மென்பொருளான ரௌட்டர்ஓஎஸ் 7-இல் கேக் வந்திருக்கிறது, ஹாட்ஸ்பாட்டோடு சேர்த்து இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. நூறு பேர் தங்கும் இடத்தை நான் நடத்தியதும் இல்லை.

தெரிவது எத்தனை ஜிபி என்பது மட்டும். என்ன பார்க்கிறார்கள் என்பதை நான் பதிவு செய்வதில்லை. சேரும் அன்றே இதை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். காலி செய்பவர் சாவியைக் கொடுத்ததும் அவர் பெயரை நீக்கிவிடலாம். முன்பெல்லாம் ஒருவர் போனால் பாஸ்வேர்டை மாற்றி, மீதி 25 பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.