படிகத்தின் வாசலைச் செப்பனிட எந்த வழி நல்லது?

எம்.ஓ.எஃப் என்றாலே உள்ளறைகளைப் பற்றித்தான் பேச்சு. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்துக் கட்டிய இந்தப் படிகங்களுக்கு 2025இல் வேதியியல் நோபல் கிடைத்தபோதும், ஒரு கிராமுக்குள் எவ்வளவு பரப்பு ஒளிந்திருக்கிறது என்பதையே எல்லோரும் வியந்தோம். ஆனால் வாயுக்களைப் பிரிக்க இறங்கினால் முதல் சிக்கல் வாசலில், அதாவது படிகத்தின் மேற்பரப்பில்தான். 2014இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் ஹெச்.கே.யு.எஸ்.டி-1 என்னும் செம்பு எம்.ஓ.எஃப்பின் படலங்களை வைத்து இதைக் காட்டினார்கள். வெளிக்காற்றுப் படாத படலத்துக்குள் மூலக்கூறுகள் தங்குதடையின்றி நுழைந்தன. ஈரக்காற்றோ நீராவியோ பட்டபின் மேற்பரப்பிலேயே ஒரு தடை உருவாகி, நுழைவு மந்தமாகிவிட்டது.

வாசலைச் செப்பனிடப் பல வழிகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு: சிலிக்கோன் பூச்சு, உலோகங்களைக் கோக்கும் கரிம மூலக்கூறை (இணைப்பு மூலக்கூறை) வெளிப்பரப்பில் மட்டும் மாற்றுவது.

முதலில் சிலிக்கோன். ஹெச்.கே.யு.எஸ்.டி-1 தூளைச் சூடாக்கி ஈரத்தை விரட்டினால் அடர்ந்த கருநீலமாகிறது. குப்பியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து வெளிர்நீலத்துக்குத் திரும்புகிறது. செம்பு அயனிகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீனாவின் ஹெஃபெய் நகரில் ஒரு குழு 2014இல் இதற்கு மிக எளிய மருந்து சொன்னது. பி.டி.எம்.எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரையும் படிகத்தூளையும் ஒரே கலத்தில் வைத்து 235 டிகிரி செல்சியஸில் சூடாக்கினார்கள். ரப்பரிலிருந்து கிளம்பும் ஆவி படிகத்தின்மேல் மெல்லிய தோலாகப் படிந்தது. எம்.ஓ.எஃப்-5 போன்ற தொட்டாற்சிணுங்கிகளும் ஈரத்தைத் தாங்கின, துளைகளும் அடைபடவில்லை. கரைப்பான் வேண்டாம், படிகத்தில் தனி வேதிக்குழு எதுவும் வேண்டாம். இவ்வளவு சுலபமான வழி வேறில்லை. அந்த வெப்பத்தைத் தாங்கும் படிகமாக இருந்தால் போதும்.

பிரித்தெடுப்பில் இதன் குறை என்ன? இந்தத் தோல் தண்ணீரைத் தள்ளும், ஆனால் வாயுக்களை இனம்பிரிக்காது. எல்லா வாயுவும் அதில் எளிதாக ஊடுருவும்.

அடுத்தது இணைப்பு மாற்றம். புரோப்பிலீன், புரோப்பேன் ஜோடியை எடுத்துக்கொள்வோம். கொதிநிலை வித்தியாசம் சுமார் 5 டிகிரிதான். அதனால் ஆலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் கொண்ட உயர்ந்த கோபுரங்களில் காய்ச்சிப் பிரிக்கிறார்கள். ஸிஃப்-8 என்னும் எம்.ஓ.எஃப் படிகத்தில் புரோப்பேனைவிடப் புரோப்பிலீன் 125 மடங்கு வேகமாகப் பரவுகிறது என்று 2009இல் அளந்தார்கள். அதே ஸிஃப்-8 நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தால் சிறிது சிறிதாகக் கரையும். அதன் வெளிப்புறத்து இணைப்பு மூலக்கூறான மெத்தில் இமிடசோலை மட்டும் எடுத்துவிட்டு, உருவில் பெரிய டைமெத்தில் பென்ஸிமிடசோலை அங்கே பொருத்தலாம் என்று 2013இல் காட்டினார்கள். இந்தப் பெரிய மூலக்கூறு 0.34 நானோமீட்டர் துளைவாசலுக்குள் எளிதில் நுழையாது. அதனால் மாற்றம் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளறைகள் பழையபடியே இருக்க, வெளிப்பரப்பு மட்டும் நீரை வெறுக்கத் தொடங்குகிறது.

வெளிப்பரப்பு என்றால் எவ்வளவு? 100 நானோமீட்டர் கனசதுரப் படிகத்தில் ஓர் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய கட்டம், 1.7 நானோமீட்டர்) ஆழத்துக்கு உரித்தால் கிட்டத்தட்ட 10 சதவீதப் பொருள் போய்விடும். 5 மைக்ரான் படிகத்தில் அது 0.2 சதவீதம்தான். வாயுக்களைப் பிரிக்கும் பாலிமர் சவ்வுகளில் கலப்பது சின்னப் படிகங்களைத்தான். அதனால் அங்கே புறப்பரப்பின் குணமே சவ்வின் குணத்தைப் பாதி தீர்மானிக்கிறது. படிகத்துக்கும் பாலிமருக்கும் நடுவே ஒட்டாத இடைவெளி விழுந்தால், இரண்டு வாயுவும் அந்தச் சந்து வழியே சேர்ந்தே ஓடிவிடும். இணைப்பு மாற்றத்தில் பாலிமரோடு ஒட்டும் குழுவை நாமே தேர்ந்து வைக்கலாம். எதிலும் எளிதில் ஒட்டாத சிலிக்கோனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மற்ற வழிகளில் ஒன்று, பாலிடோபமைன் என்னும் பாலிமர் பூச்சு. அது எதன்மேலும் ஒட்டும். ஆனால் pH 8.5 உள்ள நீர்க்கரைசலில் செய்யவேண்டிய வேலை அது. ஹெச்.கே.யு.எஸ்.டி-1ஐ அதில் முக்க எனக்கு மனம் வராது. நேரம் கூடினால் பூச்சு தடித்து வாசலையும் அடைத்துவிடும்.

படிகத்தின்மேல் இன்னொரு படிகத்தை வளர்க்கும் வழியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஸிஃப்-8உம் கோபால்ட் கொண்ட ஊதா நிற ஸிஃப்-67உம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று பிசிறில்லாமல் வளரும். 2015இல் இப்படி அடுக்கடுக்காக வளர்த்த சவ்வு, புரோப்பிலீனைச் புரோப்பேனிடமிருந்து சுமார் 200 என்ற பிரிப்புக் காரணியோடு (பிரிப்பு எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) பிரித்தது. ஆனால் இப்படிப் பொருந்தும் ஜோடிகள் கொஞ்சமே.

என் தேர்வு இது: ஈரத்துக்கு அஞ்சும் படிகத்தை உறிஞ்சு படுகையில் (வாயுவைப் பிடித்துவைக்கும் தூள் நிரப்பிய கலத்தில்) நிரப்புவதானால் சிலிக்கோன்; பாலிமரோடு கலந்து சவ்வு செய்வதானால் இணைப்பு மாற்றம். எதைச் செய்தாலும், நைட்ரஜனை உறிஞ்சவைத்து அளந்த பரப்பளவு குறையவில்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். பிரிக்கவேண்டிய அதே வாயு எவ்வளவு வேகத்தில் நுழைகிறது என்பதை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.