ரோஷ் ஹஷானா விருந்துக்கு உழவர் சந்தையா, சூப்பர் மார்க்கெட்டா, கோஷர் கடையா?

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் விருந்துக்குப் பொருள் வாங்க, நியூயார்க் நகரத்துக் குடும்பங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. மன்ஹாட்டனின் யூனியன் ஸ்கொயரில் 1976 முதல் கூடிவரும் உழவர் சந்தை ஒன்று. பக்கத்துத் தெருவின் சூப்பர் மார்க்கெட் மற்றொன்று. புரூக்ளினில் பரோ பார்க், ஃபிளாட்புஷ் போன்ற பகுதிகளில் உள்ள, யூத உணவு விதிப்படி பொருள் விற்கும் கோஷர் கடைகள் மூன்றாவது. இவற்றுள் எதுவும் தனியாக முழு விருந்தையும் தந்துவிடாது. ஆனாலும் இந்தப் பண்டிகையின் மேசையில் பொருள் பொதிந்து நிற்கும் காய்கனிகளை உழவர் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பிளை முதலில் எடுத்துக்கொள்வோம். புத்தாண்டு இனிமையாக அமையட்டும் என்று வேண்டி, ஆப்பிள் துண்டைத் தேனில் தொட்டு உண்பது வழக்கம். சூப்பர் மார்க்கெட்டில் செப்டம்பர் தொடக்கத்தில் கிடைக்கும் ஆப்பிள், பிராணவாயுவைக் குறைத்த குளிர்கிடங்கில் பல மாதங்கள் காத்திருந்த சென்ற ஆண்டின் விளைச்சலாக இருக்கக்கூடும். புத்தாண்டை வரவேற்கப் பழைய ஆண்டின் கனியை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. யூனியன் ஸ்கொயரில் விவசாயிகள் தாங்கள் விளைவித்ததையே விற்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அடுத்தபடியாக மிகுதியான ஆப்பிள் விளையும் மாநிலமும் நியூயார்க்தான். புளிப்பும் மணமும் உள்ள மெக்கின்டாஷ் தேனுக்கு நன்கு பொருந்தும், ஆனால் வெந்தால் குழைந்துவிடும். கேக்குக்கு கோர்ட்லாண்ட் ஏற்றது.

அடுத்து, யூதர்களின் பண்டைய நெறிநூலான தல்மூது குறிப்பிடும் நற்குறி உணவுகள். எபிரேய, அரமேயப் பெயர்களின் சிலேடையால் பீட்ரூட் பகை நீங்குவதையும், வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக் பகை அறுபடுவதையும், காராமணி நன்மை பெருகுவதையும் குறிக்கின்றன. காராமணிக்குரிய சொல்லை வெந்தயம் என்று கொண்டவர்களும் உண்டு. பண்டைக் காலத்தில் பீட் செடியை இலைக்காகவே வளர்த்தார்கள் என்பதால், அந்தக் குறி உணவு கீரையாகவே உண்ணப்பட்டிருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பெரும்பாலும் இலை களைந்த கிழங்கே கிடைக்கும். சந்தையிலோ இலையோடு கட்டாக வாங்கலாம். தல்மூதின் பட்டியலில் ஒரு கொடிக்காயும் உண்டு. பரங்கி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது ஆகையால், அந்தக் காய் சுரைக்காயாகவே இருக்க முடியும். இன்று அதன் இடத்தைப் பரங்கி வகைகள் பிடித்துள்ளன.

இங்கே கோஷர் கடையின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூச்சியை உண்பது யூத நெறியில் விலக்கப்பட்டது. சந்தைக் கீரையையும் லீக்கையும் மடல் மடலாகப் பிரித்து, பலமுறை அலசி, வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். கோஷர் கடையில் சோதித்து முத்திரையிட்ட உறைந்த கீரை கிடைப்பதால், இருபது பேருக்குச் சமைப்பவருக்கு அது பெரிய உதவி. இறைச்சி, திராட்சை ரசம், வட்டமான ஹல்லா ரொட்டி ஆகியவற்றையும் அங்கேயே வாங்குவது முறை. மீன்தலை வைக்கும் வழக்கமுடையோர் சந்தையில், உண்ணத் தகுந்த மீனுக்கு அடையாளமான செதில் தெரியும் முழுமீனை வாங்க முடியுமென்றாலும், அதே கத்தி விலக்கப்பட்ட மீன்களையும் வெட்டியிருக்கலாம் என்பதால் கோஷர் மீன்கடையே பாதுகாப்பானது.

மாதுளையும் பேரீச்சையும் பெரும்பாலும் கலிஃபோர்னியா போன்ற வெப்பமான இடங்களிலிருந்து வருபவை. அவற்றுக்கு சூப்பர் மார்க்கெட் போதும். ஆனால் இரண்டாம் இரவில் அந்தப் பருவத்தில் இதுவரை உண்ணாத ஒரு பழத்தைச் சுவைக்கும் வழக்கத்துக்கு மாதுளையையே நாட வேண்டியதில்லை. குறுகிய பருவமே கொண்ட கான்கார்ட் திராட்சை செப்டம்பரில் சந்தைக்கு வருகிறது. அமெரிக்க யூதர்களின் இனிப்புத் திராட்சை ரசம் அதிலிருந்தே பிழியப்படுவதால், அது இந்த மேசைக்கு உறவுடைய கனியும் ஆகும்.

சந்தையை நம்புபவர் நாட்காட்டியைப் பார்த்தே பட்டியல் எழுத வேண்டும். யூத ஆண்டு சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு பொருத்துவதால், புத்தாண்டின் முதல் நாள் செப்டம்பர் 5க்கும் அக்டோபர் 5க்கும் இடையே நகர்கிறது. 2021இல் அது செப்டம்பர் 7 அன்று வந்தபோது தக்காளி, பீச், சோளம் ஆகியவற்றின் பருவம் இன்னும் முடியவில்லை. 2024இல் அக்டோபர் 3 அன்று வந்தபோது பரங்கி, பேரி, லீக் ஆகியவற்றின் காலம். சந்தை கூடும் திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் சனி ஓய்வுநாள் என்பதால் நெறி பேணுவோருக்கு மற்ற மூன்று நாட்களே உண்டு. 2024இல் வியாழனும் வெள்ளியும் பண்டிகை, மறுநாள் ஓய்வுநாள். ஆக மூன்று நாட்களுக்கு எதையும் வாங்க இயலாத நிலையில், புதன்கிழமைச் சந்தையின் புதுக் காய்களே நின்று தாங்கக்கூடியவை. அப்படி வாங்கி வந்த கேரட், பீட்ரூட் கட்டுகளின் இலைகளை வீடு சேர்ந்த உடனே நறுக்கிப் பிரித்துவைக்க வேண்டும்; இலைகள் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.