இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கி: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

தொண்டை கட்டி மருத்துவரிடம் போனேன். "ஒரு கிழமை வாய் திறக்க வேண்டாம்" என்றார். தரம் 8இல் 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? அன்று மாலையே மட்டக்களப்பு திருமலை வீதியில் 4,800 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி, இடுப்புப் பட்டி, தலையில் மாட்டும் மைக். சீனத் தயாரிப்பு. ஒருமுறை சார்ஜ் செய்தால் நான்கு பாடவேளை ஓடுகிறது. ஐந்தாவதில் கரகரக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் பாடசாலை மண்முனைப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள், நடுவே இடுப்பளவு அரைச்சுவர். முதல் நாள் சத்தத்தை முழுதாகக் கூட்டிப் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் அதற்கு மேல் கத்தினார்கள். அரைச்சுவருக்கு அப்பால் கணித ஆசிரியர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பைத் தடை செய்தபோது ஆசிரியர்களுக்கு மிஞ்சிய ஆயுதம் குரல்தான். அந்த ஆயுதத்துக்கு மின்கலம் பூட்டிய நினைப்பில் இருந்தேன். இரண்டாம் நாள், வீட்டுவேலை செய்யாத ஒருவனை மைக்கிலேயே ஏசிவிட்டேன். மூன்று வகுப்புகளும் திரும்பிப் பார்த்தன. அவன் பாடவேளை முடியும் வரை மேசையிலிருந்து தலை தூக்கவில்லை. கடைக்காரர் தந்த பாவனைக் குறிப்பில் இதற்கு எச்சரிக்கை எதுவும் இல்லை.

மறுநாள் பெட்டி 'கீ' என்று அலறியது. வகுப்பே காதைப் பொத்திச் சிரித்தது. பின் வாங்கிலிருந்து அதே பையன் எழுந்து வந்தான். "பெட்டியின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போகிறது டீச்சர். பெட்டியை முதுகுப் பக்கம் திருப்புங்கள், மைக்கைக் கன்னத்தோரம் வையுங்கள்." அலறல் நின்றது. அவனுடைய மாமா கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவராம். ஏழு மாதமாக அவனுக்கு விஞ்ஞானம் கற்பித்த எனக்கு அது அன்றுதான் தெரியும். ஏசியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், மைக் இல்லாமல். அன்று முதல் பெட்டி அவன் பொறுப்பு.

தலைப்பட்டியைக் கழற்றிவிட்டுக் கைமைக்காக மாற்றியதும் அவன்தான். இப்போது நான் கேள்வி கேட்டால் பெட்டியும் மைக்கும் மேசை மேசையாக நகர்கின்றன. கையில் இருக்கிறவர் மட்டுமே பேசலாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கும் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டதைத் தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். வகுப்பில் ஒருநாளும் பொறுத்ததில்லை. மைக் கை மாறிப் போய்ச் சேருவதற்குள் அந்த மூன்று விநாடி தானாகவே கழிந்துவிடுகிறது. மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவள் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒளித்தொகுப்புக்கு ஏன் வெயில் வேண்டும் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னாள். தன் குரல் பெரிதாகக் கேட்டதும் பயந்து மைக்கை மேசையில் வைத்தாள். பிறகு மெல்ல எடுத்து மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

குறைகள்: மாரியில் தகரக் கூரையில் மழை விழுந்தால் இதனால் ஒரு பயனும் இல்லை, கரும்பலகையே கதி. மைக்கின் பஞ்சுறை இரண்டாம் கிழமையே தொலைந்தது. பட்டி வியர்வையில் நாறுகிறது, துவைக்கவும் முடியாது.

சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டாதவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்கும்போது கடையிலேயே வயர் சொருகும் இடத்தை அசைத்துப் பாருங்கள். என்னுடையது ஆறாம் மாதமே தளர்ந்துவிட்டது. அந்தப் பையன்தான் சைக்கிள் டியூப்பில் ஒரு வளையம் வெட்டி இறுக்கி வைத்திருக்கிறான், நாளைக்கு மாமாவிடம் கொண்டுபோய் ஈயம் வைத்துத் தருவதாகச் சொல்கிறான்.