ஆர்கன்சா வாக்காளர் கையேடு: ஒரு விரிவாக்க அலுவலரின் மதிப்புரை

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கச் சேவை (விவசாயிகளுக்குத் தகவல் கொண்டுசேர்க்கும் பிரிவு), மாநிலத் தேர்தல் வரும்போதெல்லாம் ஒரு வாக்காளர் கையேடு வெளியிடுகிறது. காசு கிடையாது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வேட்பாளர் பெயரோ கட்சியோ அதில் வராது. மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா வேண்டாமா என்று வாக்குச்சீட்டில் கேட்கும் கேள்விகளை மட்டும் விளக்கும்.

நான் ஈரோடு மாவட்டத்தில் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது பெங்களூர் ராமமூர்த்தி நகரில் மகனோடு இருக்கிறேன். மகள் ஆர்கன்சாவின் பென்டன்வில்லில், வால்மார்ட் தலைமையகம் இருக்கும் அதே ஊரில். குடியுரிமை கிடைத்து 2024-இல் முதல்முறை ஓட்டுப் போட்டாள். அப்போது அவள் அனுப்பியதுதான் இந்தக் கையேடு. “ஏங் கண்ணு, உங்க ஊர்ல நெல்லுக்கும் சாசனத்துக்கும் ஒரே ஆபீசா?” என்று கேட்டேன். “ஆமாம்மா, உங்க டிபார்ட்மென்ட்தான். படிச்சுப் பாருங்க” என்றாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பேனாவும் கையுமாகப் படித்தேன்.

துண்டுப் பிரசுரம் எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். விதை நேர்த்தி பற்றி எத்தனை பத்தி எழுதினாலும் விவசாயி கேட்பது இரண்டே கேள்வி: நான் என்ன செய்யணும், செய்யாவிட்டால் என்ன ஆகும். இந்தக் கையேடும் அங்கேதான் தொடங்குகிறது. வாக்குச்சீட்டில் அச்சாகும் தலைப்பை அப்படியே கொடுத்துவிட்டு, ‘ஆதரவு என்று போட்டால் இது நடக்கும், எதிர்ப்பு என்று போட்டால் இது நடக்கும்’ என்று எளிய நடையில் சொல்லிவிடுகிறது. பிறகு கேள்வி பதில்: இது வாக்குச்சீட்டுக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது, இப்போது சட்டம் என்ன சொல்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்வது, எதிர்ப்பவர்கள் சொல்வது, கடைசியில் திருத்தத்தின் முழு வாசகம்.

2024-இன் முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில லாட்டரிப் பணத்தில் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். அதைத் தொழிற்பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கும் தரலாமா என்பதுதான் விஷயம். லாட்டரியையே 2008-இல் சாசனத் திருத்தமாகத்தான் மக்கள் அனுமதித்திருந்தார்கள். அதனால் பணத்தை ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குத் திருப்ப வேண்டுமென்றாலும் மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். சட்ட நடையில் அந்தத் தலைப்பைப் படித்தால் மூச்சு முட்டும். கையேட்டில் படித்தால் ஒரு வாய் காபிக்குள் புரிந்துவிடுகிறது. மக்கள் பெருவாரியாக ஆமோதித்தார்கள்.

எனக்கு அதைவிட ருசித்தது, இந்தக் கேள்விகள் வரும் வழி. கையெழுத்து திரட்டிப் பொதுமக்களே கேள்வியை வைக்க அங்கே ஒரு வழி உண்டு. இன்னொரு வழி சட்டமன்றம். ஆனால் ஒரு தேர்தலுக்கு மூன்று திருத்தங்களுக்கு மேல் சட்டமன்றம் மக்கள் முன் வைக்கக் கூடாது என்று அந்த மாநிலச் சாசனமே கட்டுப்போட்டிருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டில் ஜனவரியில் சட்டமன்றம் கூடியதும் உறுப்பினர்கள் ஆளாளுக்குத் தீர்மானம் தாக்கல் செய்கிறார்கள். இருக்கும் இடம் மூன்று. இரு அவைகளின் அரசாங்க விவகாரக் குழுக்களும் அவற்றை வடிகட்டுகின்றன. வழக்கமாகக் கீழவை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், மேலவையான செனட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், மூன்றாவது இரண்டும் ஒத்துப்போனால்தான். பிறகு 100 பேர் கொண்ட கீழவையிலும் 35 பேர் கொண்ட செனட்டிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் மக்கள் தீர்ப்பு.

மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. 2023-இல் அந்த லாட்டரி விஷயம் ஒன்றை மட்டும்தான் அனுப்பினார்கள். 2025-இல் மூன்று இடமும் நிரம்பின: குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை, ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, பொருளாதார வளர்ச்சி மண்டலங்கள். இவை 2026 நவம்பருக்கானவை. டெக்சஸில் இப்படி வரம்பு கிடையாது. அங்கே இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், ஆனாலும் 2025 நவம்பரில் ஒரே நாளில் 17 திருத்தங்களை மக்கள் முன் வைத்தார்கள்; பதினேழும் தேறின. பதினேழையும் ஒரு மனிதர் வரி விடாமல் படித்துவிட்டு ஓட்டுப் போடுவார் என்று நான் நம்பவில்லை. மூன்று என்பது படிக்கக்கூடிய அளவு.

எதிர்வீட்டுச் சார் இதைப் பார்த்துவிட்டு, “சாசனத்தைத் திருத்த ஜனங்களைக் கேட்பாங்களாம்மா?” என்று வியந்தார். நம் நாட்டில் 368-ஆம் பிரிவின்படி திருத்தம் நாடாளுமன்றத்தில்தான் தொடங்கும். சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். 2023 வரை 106 திருத்தங்கள் ஆகியிருக்கின்றன. ஒன்றுக்குக்கூட நாம் ஓட்டுப் போட்டதில்லை.

ஆர்கன்சாவில் கேட்கிறார்கள், மக்களும் பதில் சொல்கிறார்கள். 2022-இல் சட்டமன்றம் அனுப்பிய மூன்றையும் மக்கள் தள்ளிவிட்டார்கள். ஒன்று, சட்டமன்றம் தானாகவே சிறப்புக் கூட்டம் கூட்டிக்கொள்ளும் அதிகாரம். இன்னொன்று, இனிமேல் சாசனத் திருத்தம் தேற 60 சதவீத வாக்கு வேண்டும் என்பது. மூன்றாவது மத சுதந்திரம் பற்றியது, அது மயிரிழையில் தோற்றது. வடிகட்டித் தேர்ந்தெடுத்த மூன்றுமே மக்களுக்கு வேண்டாதவையாகப் போயின என்றால், குழு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருடைய தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் மகனுக்குக் கையேட்டின் மேல் ஒரு குறை. “ரெண்டு பக்கமும் எழுதி வெச்சுட்டு ஒதுங்கிக்கிட்டா, படிக்கறவங்க எப்படிம்மா முடிவு பண்றது?” என்றான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் பணியில் இருந்தபோது, நோட்டீசில் ஒரு கம்பெனி மருந்தின் பெயரைப் போடச் சொல்லி ஒரு ஏஜெண்ட் வந்து நின்றார். மருந்தின் வேதிப்பெயரை மட்டும்தான் போடுவோம் என்று திருப்பி அனுப்பினேன். ஒருமுறை பெயரைப் போட்டிருந்தால், அடுத்த நோட்டீசில் நான் உரம் பற்றிச் சொல்வதையும் ஊர் நம்பியிருக்காது. வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் தகவலைக் கொடுக்கலாம், ஓட்டைச் சொல்லக் கூடாது. அந்த எல்லையை இவர்கள் அழுத்தமாகப் பிடித்திருக்கிறார்கள். அதற்காகவே நான் இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைப் பிடித்துவைத்ததற்குக் காரணம் இது: வாக்குச்சீட்டுக்கு வந்து சேர்ந்த கேள்விகள்தான் கையேட்டில் இருக்கும். வடிகட்டியில் நின்றுபோனவை எவை, அவற்றை யார் கொண்டுவந்தார்கள், எந்தக் குழுவில் நின்றன என்பதற்குச் சட்டமன்ற இணையதளத்தில் தேட வேண்டியிருக்கிறது. தாக்கலான திருத்தங்களின் பட்டியலை ஒரே ஒரு பக்கம் பின்னால் சேர்த்தால் போதும். அங்கே பிள்ளைகள் ஓட்டுப் போடும் வீடுகள் பெங்களூரில் நிறைய. கையேட்டை அச்செடுத்துக்கொண்டு வீடியோ காலில் அவர்களோடு சேர்ந்து படியுங்கள். சட்டமன்றம் அனுப்பிய கேள்விகளில் யார் கொண்டுவந்தது என்ற பதிலை முதலில் பாருங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.