ஏலத்தில் எடுத்த ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ்: காருக்கு முழு மார்க், ஏலக்காரருக்குப் பாதிதான்

இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் வேலை பார்க்கும் மச்சினன் 1988 மாடல் ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தான். 5.3 லிட்டர் வி-12, இரண்டு கதவு கூப்பே, அந்த ஊரிலேயே செய்த வண்டி. பீளமேட்டில் பவுண்டரி வைத்திருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்றால், நான் அங்கே போயிருந்த சமயம் பார்த்து, "மாமா, நீங்க ஒரு தடவ அடியில படுத்துப் பாத்துருங்க" என்று கூட்டிப்போய்விட்டான்.

முதலில் வண்டி. ஓட்டிப் பார்த்தால் ஆளை மயக்கிவிடும். பன்னிரண்டு சிலிண்டர் ஓடுகிற சத்தமே உள்ளே கேட்காது, மூன்றே கியர் உள்ள ஆட்டோமேட்டிக், அவசரமே இல்லாமல் இழுக்கும். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுக்கு இது ஆகாது, ஆனால் அவிநாசியிலிருந்து சேலம் வரைக்கும் ஒரே மூச்சில் போகிற மாதிரி ரோடு என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. டவுனுக்குள் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. அதைக் கேட்கிறவன் இந்த வண்டி பக்கம் வரவே கூடாது.

ஆனால் பெயின்ட்டைப் பார்த்து வாங்கினால் தொலைந்தோம். துரு பிடிக்கிற இடங்கள் எல்லாம் கண்ணுக்குப் படாத இடங்கள்: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், பின்சக்கரத்தை இடம் நகராமல் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் என்ற கை பாடியில் மாட்டுகிற இடம், பின் கண்ணாடிக்கு இரு பக்கமும் சரிந்து இறங்கும் அந்தத் தகடுகளின் அடிப்பாகம். என்ஜின் பிளாக் அலுமினியம், சிலிண்டருக்குள்ளே இரும்புக் குழாய் மாதிரி லைனர். கூலன்ட்டைக் காலாகாலத்தில் மாற்றாமல் விட்டால் ரேடியேட்டர் அடியில் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும், ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் ஹெட்டில் வால்வு உட்காரும் வளையமான வால்வு சீட் கழன்று விழவும் வாய்ப்புண்டு, அப்புறம் வண்டி விலைக்கு மேல் செலவு.

இதனால்தான் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். நாங்கள் போனபோது பானெட் சுடுகிறது! முன்பே ஓட்டிவைத்துவிட்டார்கள், சூடான என்ஜினில் குறை மறைந்துவிடும். அந்தியூர் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர்கூட மாட்டின் பல்லைப் பார்க்க விடுவார். ஏலக்காரருக்குப் பாதி மார்க் வெட்டியது இதற்குத்தான், அவர் பெயரை இங்கே போடாததும் இதற்குத்தான்.

காப்பாற்றியது எம்.ஓ.டி. வரலாறு, அதாவது வண்டி ஓடத் தகுதியா என்று அங்கே வருடா வருடம் செய்கிற சோதனையின் பதிவு. நம்பரை அடித்தால் அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே வருகிறது. வருடா வருடம் சில்லில் துரு என்று எழுதியவர்கள் ஒரு வருடம் திடீரென்று நிறுத்திவிட்டால் ஒன்று வெல்டிங் பண்ணியிருக்கணும், இல்லை கறுப்பு அன்டர்கோட்டிங் பூசி மறைத்திருக்கணும். இதில் வெல்டிங், பில்லும் ஃபைலில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கை தூக்கச் சொன்னேன்.

விலை விஷயம்: சுத்தியல் தட்டுகிற தொகை முழு விலை இல்லை. உதாரணத்துக்கு 10,000 பவுண்டுக்கு முடிந்து, ஏலக்காரர் கமிஷன் 12 சதவீதம் என்றால் 1,200, அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வாட் 240, ஆக 11,440. வண்டியை உடனே எடுக்காவிட்டால் நிறுத்திவைக்க வாடகை வேறு.

"ஊருக்குக் கொண்டாந்துரலாமுங்களா?" என்று இங்கே நாலு பேர் கேட்டாச்சு. கோவையில் கார் மியூசியமே இருக்கிறது, பழைய கார் பைத்தியங்களுக்குக் கேட்கணுமா! பழைய கார் என்ற கணக்கில் கொண்டுவர இப்போது 50 வருடம் தாண்டியிருக்கணும். எக்ஸ்ஜே-எஸ் முதலில் வந்ததே 1975-ல்தான், ஆக ஆரம்பகால வண்டிகளுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது, 1988-க்கு 2038 வரை இல்லை. கொண்டுவந்தாலும் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணும், தினசரி ஓட்டவும் முடியாது. அதனால் கோவன்ட்ரியிலேயே நிற்கட்டும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, என்ஜின் மேலிருக்கும் பெட்ரோல் ஹோஸ்கள் அத்தனையையும் புதுசாக மாற்றாமல் நீண்ட தூரம் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன், பழைய ரப்பர் கசிந்து இந்த வண்டிகள் தீப்பிடித்ததுண்டு.